இடி இடித்தால் நிற்கும் சர்வர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வேலைச் சீட்டுதான். எந்த லேபிள், எத்தனை கலர், எத்தனை தாள், எந்த மிஷின். ஒரு சீட்டில் நாலு வரிக்கு மேல் இடம் இருக்காது. அந்த நாலு வரியையே இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். அப்படிப்பட்டவள் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் இதை வாயால் சொல்லச் சொன்னால் சொல்லவே மாட்டேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அந்தத் தைரியம்தான்.

சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் வேலை பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டிகளின் மேல் ஒட்டும் லேபிள்களை அடித்துக் கொடுக்கும் கம்பெனி. முன்னால் என் அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, நான். பின்னால் மிஷின் கூடம். அங்கே மூன்று பெரிய மிஷின்கள் ஓடும். என் வேலை, வந்த ஆர்டர்களை வரிசைப்படுத்தி அடுத்து எதை அடிக்க வேண்டும் என்று மிஷின்காரர்களுக்குச் சொல்வது.

இந்தச் சொல்வதில்தான் கஷ்டம். எனக்குக் கூச்ச சுபாவம். நாற்பத்தாறு வயதாகியும் போகவில்லை. கல்யாண வீட்டில் இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டும் என்று கேட்கத் தயங்கி, வெறும் சோற்றைச் சாப்பிட்டு எழுந்தவள் நான். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கையில் சீட்டோடு மிஷின் கூடத்துக்குப் போக வேண்டும். ஓடுகிற மிஷின் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். என்னால் கத்த முடியாது. அதனால் மிஷின் பக்கத்தில் போய், யாராவது திரும்பிப் பார்க்கும் வரை நிற்பேன்.

பெரிய மிஷினை ஓட்டும் அண்ணன் இதை நன்றாகக் கவனித்து வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கம்பெனியிலேயே பழைய ஆள்.

"ஏலே, பின்னால பாருங்கலே, அம்மா வந்து நிக்காக. சாமி கும்பிட்டு சீட்ட வாங்கிக்கோங்க" என்பார் பையன்களிடம். என்னிடம், "ஏந்தாயி, எம்புட்டு நேரமா நிக்கீக? மிஷினுக்கு மேல காயப்போட்ட தாள்னு நெனச்சு உங்களையும் எடுத்து அடுக்கிருப்பேனே" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் எனக்குக் காது மடல் சூடாகிவிடும். சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கும்போது, என் செருப்புச் சத்தம் எல்லோருக்கும் கேட்பது போல இருக்கும். மிஷின் ஓடும்போது செருப்புச் சத்தம் யாருக்குக் கேட்கும் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குக் கேட்கும்.

போன சித்திரையில் இதற்கு ஒரு விடிவு வந்தது. சாத்தூரிலிருந்து ஒரு பெண், கம்ப்யூட்டர் படித்தவர், முப்பது வயதிருக்கும், வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதிக் கொடுப்பவர், எங்களுக்காக ஒன்று செய்து கொண்டுவந்தார். என் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தால் ஒரு சின்ன ஜன்னல் வரும். மேலே வேலைப் பட்டியல். கீழே இரண்டு பட்டன். பச்சையில் 'தொடங்கு'. சிவப்பில் 'நிறுத்து'.

"அக்கா, இதுக்குள்ளயே ஒரு சின்ன சர்வர் இருக்கு. பச்சைய அமுக்குனா அது கடையத் தெறந்துரும். மிஷின்ல இருக்கவுக போன்ல இந்த நம்பரப் போட்டா உங்க பட்டியல் அப்படியே அங்கன தெரியும். நீங்க இங்கன மாத்துனா அங்கன மாறும். செகப்ப அமுக்குனா கடை சாத்திரும்" என்றார்.

"இது வெளிய எங்கயும் போவுமா?"

"போவாது. இந்தச் செவுத்துக்குள்ள மட்டுந்தான்."

"அப்ப நான் சீட்டு கொண்டுபோக வேண்டாமா?"

"சேரை விட்டே எந்திரிக்க வேண்டாம்."

அந்தப் பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அப்படியெல்லாம் செய்கிற ஆள் நான் இல்லை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

முதலாளியையும் சேர்த்து ஏழு பேர் போனில் அந்த நம்பரைப் போட்டு வைத்தோம். மறுநாள் காலை எட்டரை மணிக்குப் பச்சையை அமுக்கினேன். 'சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது' என்று எழுத்து வந்தது. எனக்காகவே எல்லாவற்றையும் தமிழில் வைத்திருந்தார். ஒருநாள் தெரியாமல் புரோகிராமை இரண்டு தடவை திறந்து இரண்டிலும் பச்சையை அமுக்கிவிட்டேன். 'இந்த வாசலில் ஏற்கெனவே ஒரு சர்வர் உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பிவிட்டு வாருங்கள்' என்று வந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை, தண்ணீர் குடிக்க வந்த வெட்டு மிஷின்காரர் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அடுத்த இரண்டு மாதங்கள்தான் நான் வேலை பார்த்த நாட்களிலேயே நல்ல நாட்கள். ஒரு நாள் முழுக்க நான் பேசிய வார்த்தைகளை வீட்டுக்குப் போகும்போது விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதுமாக இருந்தது.

ஆனால் சிவப்புப் பட்டன் விஷயத்தில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. அதைச் சொல்ல, இதற்கு முன்னால் நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

அச்சாபீஸுக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் இருந்தேன். காலையில் வேன் வரும், ஏறிப் போவோம். ஷெட்டுக்குள் நுழையும்போது வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். மருந்தை, அதாவது வெடிக்குள் போகும் கலவையை, பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகக் கூடாது. முக்கியமானது, இடி. வானம் ஒரு தடவை உறுமினால் போதும். ஃபோர்மேன் மணி அடிப்பார். கையில் இருப்பதை அப்படியே கீழே வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். வானம் தெளிந்து மறுபடி மணி அடித்தால்தான் உள்ளே. பன்னிரண்டு வருஷம் இப்படி இருந்தால் அது மனதில் தங்காது, கையில் தங்கிவிடும். மனதிடம் கேட்காமலேயே கை செய்யும்.

அதனால் அச்சாபீஸிலும் என் அறைக்குள் நுழையும்போது கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத்தான் உட்காருவேன். சாப்பிட எழுந்தால் சிவப்பு. இடி இடித்தால் சிவப்பு. கம்ப்யூட்டரை நிறுத்த மாட்டேன், அது ஷெட் மாதிரி. உள்ளே ஓடும் சர்வர்தான் மருந்து மாதிரி. உயிரோடு இருக்கிற ஒன்றை அப்படியே விட்டுவிட்டு எப்படி எழுந்து போவது? திரும்பி வந்ததும் பச்சையை அமுக்கிவிடுவேன். நான் சாப்பிடும் நேரத்தில் மிஷின்காரர்களும் சாப்பிடுவார்கள் என்பதால் மதியத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இடிதான் காட்டிக் கொடுத்தது. ஆடியில் எங்கள் பக்கம் காற்றுதான் அடிக்கும். இந்த வருஷம் என்னவோ பாதி நாள் மதியத்துக்கு மேல் வானம் கறுத்தது. மழை என்று சொல்ல முடியாது, மிரட்டிவிட்டுப் போகும். மிரட்டியபோதெல்லாம் என் கை சிவப்புக்குப் போனது. சர்வரை நிறுத்தினாலும் போனில் ஏற்கெனவே வந்த பட்டியல் அப்படியே இருக்கும், குடத்தில் பிடித்த தண்ணீர் மாதிரி, குழாயை மூடினால் என்ன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பழைய பட்டியலாக நின்றுவிடும், போனைத் தட்டிப் பார்த்தால் புதிதாக ஒன்றும் வராது என்பது எனக்குத் தெரியாது. எனக்குப் போனில் பார்க்க வேண்டிய வேலையே இல்லையே.

மிஷின் கூடத்தில் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது.

"மழ வந்தா அது படுத்துருது."

"ஒயருக்குள்ள ஈரம் எறங்குது. எங்க வீட்டு டிவியும் இப்படித்தான்."

"ஈரமெல்லாம் இல்லலே. துளி விழல, அதுக்குள்ள படுத்துருச்சு. சத்தத்துக்குப் பயப்படுது" என்றார் பெரிய மிஷின் அண்ணன். "நம்ம தாயி ரூம்லயே கெடக்குல்ல, அவுக கூச்சம் அதுக்கும் ஒட்டிக்கிடுச்சு."

வைஃபை பெட்டியை உயரமான இடத்துக்கு மாற்றினார்கள். அதன் மேல் லேபிள் சுற்றி வரும் பாலிதீன் தாளைப் போர்த்தினார்கள். ஒருநாள் காலையில் பார்த்தால் பெட்டிக்கு விபூதி பூசி, பொட்டும் வைத்திருந்தது. அன்று இடிக்கவில்லை. விபூதிக்கு நல்ல பெயர் கிடைத்தது. அடுத்த நாள் இடித்தது.

அந்த அடுத்த நாள்தான் தப்பு நடந்தது. புஸ்வாணத்துக்கான லேபிளை முன்னால் கொண்டுவந்து, சாட்டைப் பட்டாசு லேபிளைப் பின்னால் தள்ளிப் பட்டியலை மாற்றினேன். மாற்றுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் வானம் உறுமி, நான் நிறுத்தியிருந்தேன். பெரிய மிஷின் அண்ணன் போனில் பழைய பட்டியலே நின்றது. அவர் சாட்டையைப் போட்டு ஓட்டிவிட்டார். புஸ்வாணத்துக்காகக் காத்திருந்த ஆலையின் வேன் வெறும் வேனாகத் திரும்பிப் போனது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கிய நிமிஷத்தில் எழுந்து போய்ச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். நான் எழுந்தேன். கதவு வரை போனேன். தாழ்ப்பாளைத் தொட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அதிகம் கோபப்படாதவர். அதனால் கோபப்பட்டால் பயமாக இருக்கும். சாயங்காலம் என் அறைக்கு வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"வெள்ளிக்கிழம நான் இருக்கன்குடி கோயிலுக்குப் போறேன். சனிக்கிழம வந்து பாப்பேன். அதுக்குள்ள இது ஒழுங்கா ஓடலன்னா வேண்டாம்மா. பழையபடி சீட்டு எழுதிக் கொண்டு போயிருங்க. சீசன் நேரத்துல மழைக்குப் பயப்படுற புரோகிராம வச்சு என்ன செய்ய?"

சீட்டு. தினமும் இருபது தடவை.

மூன்று நாள் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் சரிசெய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இனி இடித்தாலும் நிறுத்தக் கூடாது, அவ்வளவுதானே. புதன்கிழமை வானம் உறுமியது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன். இரண்டாவது உறுமலுக்கு நன்றாகவே தாக்குப் பிடித்தேன். மூன்றாவது கொஞ்சம் பலமாக வந்தது. அது அடங்கிய பிறகு பார்க்கிறேன், 'சர்வர் நிறுத்தப்பட்டது' என்று இருக்கிறது. வலது கை மவுஸின் மேல் இருக்கிறது. எப்போது வெளியே வந்தது என்று எனக்கே தெரியாது. பின்னாலிருந்து, "படுத்துருச்சுலே!" என்று சத்தம் வந்தது.

அண்ணாச்சி போனில் விஷயத்தைச் சொல்லியிருந்ததால், வெள்ளிக்கிழமை காலை சாத்தூர்ப் பெண் ஸ்கூட்டியில் வந்தார். கண் வீங்கியிருந்தது. இரண்டு நாளாகத் தூங்காமல் எங்கே தப்பு என்று தேடியிருக்கிறார். இதே புரோகிராமைக் கேட்டிருந்த இன்னும் இரண்டு அச்சாபீஸில், அண்ணாச்சி என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். என் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தார். சர்வர் எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, எதனால் நின்றது என்று புரோகிராம் தானாகவே எழுதி வைக்குமாம். அப்படி ஒரு நாட்குறிப்பு இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வாரம் லீவு போட்டிருப்பேன்.

திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அக்கா, நீங்க முன்னால எங்க வேல பாத்தீக?"

"ஏன் கேக்கீக?"

"வந்ததுல இருந்து பாக்கேன். தாழ்ப்பாளத் தொட்டுட்டுத்தான் உள்ள வாரீக. எங்கம்மாவும் பட்டாசுல இருந்தவுக. இப்பவும் எங்க வீட்டு அடுப்படிக்குள்ள போறதுக்கு முன்னால கிரில்லத் தொட்டுக்குவாக." கொஞ்சம் நிறுத்தி, "இடிச்சா அவுக கிரைண்டர நிறுத்திட்டு வாசல்ல போய் நின்னுக்குவாக. மாவு பாதியில நிக்கும்" என்றார்.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இதுல பூரா 'பட்டன் மூலம் நிறுத்தப்பட்டது'ன்னுதான்க்கா இருக்கு. தானா ஒரு தடவகூட நிக்கல. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க சொன்னாச் சொல்லுங்க. இல்லன்னா புரோகிராம்லதான் கோளாறுன்னு நான் ஒத்துக்கிட்டுப் போயிருதேன்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சனிக்கிழமை அண்ணாச்சி நெற்றியில் குங்குமத்தோடு வந்தார். எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்தார். பிறகு பேசுவதற்காக மூன்று மிஷினையும் நிறுத்தச் சொன்னார். மிஷின் கூடம் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அத்தனை வருஷமும் அந்தச் சத்தம்தான் எனக்கு எதிரி என்று நினைத்திருந்தேன். அது இல்லாதபோதுதான் அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று தெரிந்தது.

"என்னம்மா, கண்டுபிடிச்சீகளா?" என்று சாத்தூர்ப் பெண்ணிடம் கேட்டார்.

அவர் என்னைப் பார்க்காமல், "இல்ல அண்ணாச்சி. என் தப்புதான்..." என்று தொடங்கினார்.

அண்ணாச்சி மேஜை மேலிருந்த பழைய சீட்டுப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"நான்தான் நிறுத்துனேன்" என்றேன்.

"என்ன?"

"நான்தான் அண்ணாச்சி."

"கேக்கலம்மா."

"இடிச்சா நான்தான் செகப்ப அமுக்குவேன்! அது நல்லாத்தான் ஓடுது! என் கைதான் சும்மா இருக்க மாட்டேங்குது!"

மூன்றாவது தடவை வந்தது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். தகரக் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. பெரிய மிஷின் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏ யாத்தி! இம்புட்டுச் சத்தத்தையும் இத்தன வருசமா எங்கன வச்சிருந்தீக?"

சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவர் விடவில்லை. "அந்தப் பெட்டிக்கு மூணு வேளையும் விபூதி பூசுனமே, அத இவுக கைக்குப் பூசிருந்தா அன்னைக்கே நின்னுருக்கும். ஏம்மா சாத்தூரு, பேசாம அந்தச் செகப்புப் பட்டனப் புடுங்கிருங்க. சோலி முடிஞ்சது."

"வேண்டாம்ணே" என்றேன். அன்று எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. "நிறுத்துறதுக்குப் பட்டன் இல்லாத எதையும் நான் தொடங்க மாட்டேன்."

அவர் சிரிப்பை நிறுத்தித் தலையை ஆட்டினார். அவர் மனைவியும் பட்டாசு ஆலைக்குத்தான் போகிறார்.

அண்ணாச்சி சீட்டுப் புத்தகத்தைக் கையில் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் குடும்பத்திலும் ஆலை உண்டு. "ஏம்மா, ஆலையில எத்தன வருசம் இருந்தீக?"

"பன்னெண்டு, அண்ணாச்சி."

"இடிச்சா நிறுத்தணும். அது சரி. நிறுத்துறதுக்கு முன்னால ஃபோர்மேன் என்ன செய்வாரு?"

"மணி அடிப்பாரு."

"நீங்க அடிச்சீகளா?"

நான் அடிக்கவில்லை. நான் எப்படி அடிப்பேன்? எழுந்து பின்னால் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நிறுத்தப் போறேன்" என்று சொல்ல வேண்டுமே. அதைச் சொல்லக் கூடாது என்றுதானே எனக்கு அந்தப் புரோகிராமே பிடித்திருந்தது. நிறுத்தியது தப்பில்லை, மணி அடிக்காமல் நிறுத்தியதுதான் தப்பு. ஆலையில் அப்படி யாராவது செய்திருந்தால் நானே அவரை ஏசியிருப்பேன், மனதுக்குள்.

சாத்தூர்ப் பெண் நிமிர்ந்தார். "அண்ணாச்சி, சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. மணிய நான் அடிக்க வைக்கேன்."

நாலு மணிக்கு என்னைக் கூப்பிட்டார். ஜன்னலில் அதே இரண்டு பட்டன். சிவப்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி. 'ஏழு போன்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.' அதைப் படித்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"அமுக்குங்கக்கா."

"இடிக்கலையே."

"சும்மா பாக்கத்தான்."

இடிக்காமல் நிறுத்தக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் வானத்துக்காகக் காத்திருந்தோம். அது தெளிவாக இருந்தது. பெரிய மிஷின் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன, இடி ஸ்டாக் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, ஒரு தகரத் தட்டை எடுத்துத் தரையில் போட்டார். என் கை சிவப்புக்குப் போய்விட்டது.

பின்னால் கூடத்தில் ஏழு போனும் ஒரே நேரத்தில் மணி அடித்தன. பழைய பள்ளிக்கூட மணி மாதிரி, நீளமாக. நான் போய்ப் பார்த்தேன். யாரும் அனுப்பாமல் நானாகப் போனேன். எல்லாப் போனிலும் பட்டியலை மறைத்துக்கொண்டு பெரிய எழுத்தில் வந்திருந்தது: 'சர்வர் நிற்கிறது. இது பழைய பட்டியல். புது வேலை எதையும் ஏற்றாதீர்கள். மறுபடி மணி அடிக்கும்.'

அண்ணாச்சி தன் போனைக் காதருகே வைத்து மணி முடியும் வரை கேட்டார். பிறகு சீட்டுப் புத்தகத்தை அலமாரிக்குள் வைத்து மூடினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சீசன் என்பதால் வேலை இருந்தது. எட்டரைக்குத் தொடங்கினேன். மதியம் சாப்பிட எழுந்தபோது ஒரு தடவை நிறுத்தினேன், பின்னால் மணி அடித்தது. அன்று இடி இல்லை. மாலை ஆறு மணிக்கு மறுபடி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.